துண்டுப் பென்சில்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறேன். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு வகுப்பைக் கூட்டினால் வாரியலோடு தினமும் நாலைந்து துண்டுப் பென்சில்கள் உருண்டு வரும். முனை உடைந்தது, விரல் நீளத்துக்குக் குறைந்தது, பாதியில் பல் பட்டுச் சப்பையானது என்று எல்லாம் இருக்கும். போன வருஷம் ஒரு பருவம் முழுக்க அவற்றைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். நான்காம் வகுப்புக்கு நீட்டல் அளவை வந்தபோது, சரி, இதையே அளப்போம் என்று எல்லாத் துண்டுகளையும் தரையில் ஒரே கோடாக, ஒன்றின் அடியை மற்றதன் முனை தொடும்படி அடுக்கச் சொன்னேன். 41 துண்டுகள். மொத்தம் 2 மீட்டர் 38 சென்டிமீட்டர் வந்தது. புதுப் பென்சில் ஒன்று ஏறக்குறைய 17.5 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் 13 புதுப் பென்சில், அதற்கு மேலும் பத்தரை சென்டிமீட்டர் மிச்சம்.

“அப்போ 13 பென்சிலக் குப்பையில போட்டுட்டோமா டீச்சர்?” என்று கடைசி வரிசைப் பையன் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

காசு கணக்கு பெரிசில்லை. ஒரு பென்சில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தான். ஆனால் ஒரு பொருளை எப்படிப் பிடிக்க, எப்படிச் சீவ, எது வரைக்கும் வைத்து எழுத என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் அதைப் பாதி எழுதுகிறார்கள், பாதி சீவித் தள்ளுகிறார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது தாத்தா. கல்லிடைக்குறிச்சியில் தச்சு வேலை பார்த்தவர். நிலை, கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வார். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஆசாரிமார் வைத்திருக்கும் சப்பட்டைப் பென்சில் கிடைத்தால் அது, இல்லையென்றால் பேரன் பேத்திகள் எழுதிக் கழித்த துண்டு. எனக்குத் தெரிந்து அவர் சாதாரணப் பென்சில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. நாங்கள் ‘இது இனி ஆகாது’ என்று போட்டதுதான் அவருக்குப் பல மாதம் ஓடும். பேனாவால் மரத்தில் கோடு போடவே விடமாட்டார். மை மரத்துக்குள் இறங்கிவிட்டால் பாலீஷ் போட்ட பிறகும் அந்தக் கறை தெரியும். பென்சில் கோடு மேலாக்கத்தான் நிற்கும், இழைப்புளியை ஒரு தடவை ஓட்டினால் சுருளோடு போய்விடும்.

ஒருநாள் அவர் வேலை செய்த திண்ணையில் உட்கார்ந்து நான் பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை சீவி மூன்று தடவையும் முனை உடைந்து, நான்காவது தடவைக்கு அழுகை வந்துவிட்டது. தாத்தா கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து சொன்னது இதுதான்: “ஏட்டி, மரத்தச் சீவு. கரியச் சீவாத.”

இந்த ஒரு வரிக்குள் பாதி வித்தை இருக்கிறது. நாம் எல்லோரும் பிளேடை நேராகக் கரியின் மேல் வைத்து அழுத்துகிறோம், அது ஒடிகிறது. அவர் செய்தது வேறு மாதிரி. இடது கையில் பென்சிலை முனை வெளியே பார்க்கும்படி பிடித்து, கத்தியை வலது கையில் அசையாமல் சாய்வாக வைத்து, இடது கைக் கட்டைவிரலால் கத்தியின் முதுகை மெதுவாக முன்னால் தள்ளுவார். வலது கை வெட்டாது, வழி மட்டும் காட்டும். முனையிலிருந்து ஒரு விரல்கணு தூரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு சீவலையும் மெலிசாக எடுத்து, ஒரு சீவலுக்கு ஒரு தடவை பென்சிலைக் கொஞ்சம் திருப்புவார். ஆறு பட்டையும் சுற்றி வந்தபோது மரம் ஈர்க்குச்சி மாதிரி நீளமாக இறங்கியிருக்கும், கரி ஒரு நெல்மணி நீளத்துக்கு வெளியே நிற்கும். அதன் மேல் கத்தியே படாது. அப்புறம் உப்புத்தாள் துண்டில் கரியைப் படுக்கவைத்து உருட்டி உருட்டி இரண்டு இழுப்பு. அவ்வளவுதான், கூர் வந்துவிடும்.

இதில் என்ன லாபம் என்றால், இப்படிச் சீவிய பென்சில் மழுங்கினால் உடனே மறுபடி மரத்தைச் சீவ வேண்டியதில்லை. உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், நாலைந்து முறை அப்படியே ஓட்டலாம். ஷார்ப்னரில் அப்படி இல்லை, ஒவ்வொரு கூருக்கும் மரமும் கரியும் சேர்ந்தே போகும். என் வகுப்பில் பிளேடு பிள்ளைகள் கைக்கு வராது, அது என் மேசையில் இருக்கும், நான்தான் சீவிக் கொடுப்பேன். ஆனால் உப்புத்தாளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி அட்டையில் ஒட்டி ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறேன், அதை அவர்களே உபயோகிக்கலாம். ஹார்டுவேர் கடையில் நைஸ் தாள் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

ஷார்ப்னர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னக் கைக்கு அதுதான் பத்திரம். ஆனால் அதைப் பார்க்கத் தெரிய வேண்டும். சீவல் ஓரத்தில் வண்ணக் கரையோடு பாவாடை மாதிரி ஒரே சுருளாக விழுந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. தூளாக உதிர்ந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, அது வெட்டவில்லை, பிய்க்கிறது. பிள்ளைகள் அதையே வைத்து அழுத்தித் திருகிக் கொண்டே இருப்பார்கள், ஒரு வாரத்தில் பென்சில் பாதியாகிவிடும். பென்சிலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மழுங்கின ஷார்ப்னரைத் தூக்கிப் போடுவதில் தயவுதாட்சண்யமே பார்க்கக் கூடாது. இன்னொன்று, ஷார்ப்னரில் சீவினதும் முனை ஊசி மாதிரி இருக்கும், அப்படியே நோட்டில் வைத்து அழுத்தினால் முதல் எழுத்திலேயே ஒடியும். வேண்டாத தாளில் சாய்த்து இரண்டு கிறுக்கு கிறுக்கிவிட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த ஊசி முனை மட்டும் தேய்ந்து கொடுத்தால் பிறகு நிற்கும்.

சில பென்சில் எப்படிச் சீவினாலும் கரி துண்டுதுண்டாக விழும். ‘டீச்சர், முனை உடஞ்சிட்டு, டீச்சர், மறுபடி உடஞ்சிட்டு’ என்று காலையிலிருந்து நாலு தடவை வருகிற பிள்ளையின் பென்சிலைப் பார்த்தால், அது கட்டாயம் மேசையிலிருந்து கீழே விழுந்த பென்சிலாக இருக்கும். இது ஏன் என்று புரிய பென்சில் செய்யும் விதம் தெரிய வேண்டும். கரியைக் குச்சிக்குள் ஓட்டை போட்டு நுழைப்பதில்லை. மெல்லிய மரப்பட்டியில் வரிசையாகப் பள்ளம் இழைத்து, பள்ளத்தில் கரிக்குச்சியை வைத்துப் பசை போட்டு, மேலே இன்னொரு பட்டியை மூடி அழுத்தி ஒட்டவைத்து, அதற்கப்புறம்தான் ஒவ்வொரு பென்சிலாக அறுத்தெடுக்கிறார்கள். சில பென்சிலின் அடியை வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு மரத்துண்டு சேர்ந்த கோடு தெரியும். நம் நாட்டுப் பென்சில்களுக்கான மரப்பட்டிகளில் பெரும்பகுதி காஷ்மீரில் புல்வாமா மாவட்டத்துப் பாப்ளர் மரத்திலிருந்து வருகிறது. லேசான மரம், சீவ நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கரி, பானை ஓடு மாதிரிதான். விழுந்தால் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

பானை ஓடு என்று சும்மா சொல்லவில்லை. அது கிராஃபைட்டும் களிமண்ணும் குழைத்துச் சூளையில் சுட்டது. ஈயம் துளிகூட இல்லை, நாக்கில் பட்டால் விஷம் என்று பயப்படும் அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்வேன், அது வெறும் கரி. முதலில் இங்கிலாந்தில் பாரோடேல் என்ற மலைப்பகுதியில் கிடைத்த கிராஃபைட்டை அப்படியே குச்சியாக அறுத்து உபயோகித்தார்கள். பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை வந்து அந்தச் சரக்கு பிரான்ஸுக்கு வராமல் போனபோது, நிக்கோலா ழாக் கோந்தே என்பவர் கிராஃபைட் பொடியோடு களிமண்ணைக் கலந்து சுட்டுப் பார்த்தார். அது 1795. மண்ணைக் கூட்டினால் கரி கடினமாகிறது, குறைத்தால் மெதுவாகவும் கறுப்பாகவும் வருகிறது. காருகுறிச்சியில் பானை வனைகிறவர்களிடம் போய்ச் சொன்னால் அவர்களுக்கு உடனே புரிகிற விஷயம் இது. மண் பக்குவம், சூளைப் பக்குவம், அவ்வளவுதான்.

பென்சிலில் ஹெச், பி என்று போட்டிருப்பது இந்த மண் கணக்குதான். ஹெச் பக்கம் போகப் போக கடினம், கோடு மெலிசு, மங்கல், முனை நெடுநேரம் நிற்கும். பி பக்கம் போகப் போக மெதுவு, கறுப்பு, சீக்கிரம் தேயும், கை பட்டால் ஈஷும். ஹெச்பி நடுவில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அழுத்த வலு இருக்காது, அவர்களுக்கு 2பி நல்லது, லேசாகத் தொட்டாலே எழுத்து விழும். மூன்றாம் வகுப்பு தாண்டினால் ஹெச்பியே போதும். எக்ஸ்ட்ரா டார்க் வாங்கினால்தான் கையெழுத்து நன்றாக வரும் என்று பெற்றோர் வந்து கேட்கிறார்கள். கையெழுத்து கறுப்பில் இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். கறுப்பாக எழுதும் பென்சில் சீக்கிரம் தேயும், அடிக்கடி சீவ வேண்டியிருக்கும், நோட்டும் அழுக்காகும். வரைபடத்தில் எல்லைக்கோடு, கணக்கில் வட்டம், கோணம் இதற்கெல்லாம் ஹெச் அல்லது 2ஹெச் ஒன்று வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்கு வரும்.

எங்கள் காலத்தில் நட்ராஜ் நல்லதா அப்சரா நல்லதா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து நிற்கும். சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட 621 வைத்திருப்பவர்கள் ஒரு கட்சி. இரண்டும் ஒரே கம்பெனி, 1958இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் செய்வதுதான் என்று வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். பெயரைப் பார்த்து வாங்குவதைவிடக் கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். அடியைப் பார்த்தால் கரி நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ஷார்ப்னரில் சீவும்போது ஒரு பக்கம் மரம் கரியை மூடிக்கொண்டே வரும், எவ்வளவு சீவினாலும் எழுதாது. அப்புறம் கடைக் கண்ணாடி மேல் படுக்கவைத்து உருட்டுங்கள், வளைந்திருந்தால் ஆடிக்கொண்டு போகும். ரதவீதிக் கடைக்காரர் ஒருவர் நான் இப்படி ஒரு டப்பா பென்சிலையும் உருட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இப்போது எனக்கென்று பொறுக்கியே எடுத்துவைக்கிறார்.

எழுதும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு வரிக்கு ஒரு தடவை பென்சிலை விரலுக்குள் ஒரு பட்டை திருப்பிப் பிடிக்க வேண்டும். பென்சிலுக்கு ஆறு பட்டை இருப்பது உருண்டு கீழே விழாமல் இருக்க, அது நமக்குக் கணக்காகவும் உதவுகிறது. திருப்பிக்கொண்டே எழுதினால் முனை எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்து தானாகவே கூராக நிற்கும். ஒரே பக்கமாகப் பிடித்தால் ஒரு பக்கம் சப்பையாகி எழுத்து தடித்துவிடும், உடனே பிள்ளை ஷார்ப்னரைத் தேடும். இதை மட்டும் பழக்கினாலே ஒரு பென்சில் ஒன்றரைப் பென்சிலாகிறது என்பது என் வகுப்பில் கண்ட அனுபவம்.

இனி அந்தத் துண்டு. விரலுக்குள் அடங்காமல் போவது ஆறு, ஏழு சென்டிமீட்டரில். அங்கேதான் எல்லோரும் விடுகிறார்கள். தாத்தா அங்கேதான் ஆரம்பிப்பார். அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். சொப்புச் சாமான் கடைகிற வேலை. மஞ்சள் கடம்பு மரத்தைக் கடைசலில் மாட்டிச் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுத்து, சுழலும்போதே வண்ண அரக்குக் கட்டையை மேலே வைத்து அழுத்துவார். சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். அந்தக் கடைசலில் தாத்தாவுக்கென்று ஒரு பிடி கடைந்து கொடுத்திருந்தார். ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, நடுவில் லேசாக இடுப்பு மாதிரி உள்வாங்கி, ஒரு நுனியில் பென்சில் கனத்துக்குத் துளை. துளை இருக்கும் பக்கம் ரம்பத்தால் ஒரு கீறு போட்டு, மேலே ஒரு பித்தளைப் பூண். துண்டைச் சொருகிப் பூணை முன்னால் தள்ளினால் கீறு இறுகித் துண்டைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு அரக்கு இப்போது விரல் பட்ட இடத்தில் எல்லாம் போய் மரம் தெரிகிறது. அது என்னிடம்தான் இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுக்குத் துண்டு வரும்வரை அதில் எழுதலாம், எழுதுகிறேன்.

கடைசல் பிடிக்கு எல்லோரும் எங்கே போவார்கள். என் வகுப்பில் செய்வது இது: பழைய செய்தித்தாளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு பக்கம் முழுக்க மைதாப் பசை தடவி, துண்டுப் பென்சிலின் பின்பாதியில் வைத்து இறுக்கிச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் தாள் நீண்டு நிற்கும்படி வைத்துச் சுருட்டினால் காய்ந்த பிறகு கட்டை மாதிரி ஆகிவிடும். துண்டு தீர்ந்தால் இழுத்துவிட்டு அடுத்த துண்டைச் சொருகலாம். தீர்ந்துபோன பேனாவின் மூடியும் ஆகும், சில மூடிக்குத் துண்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் சீவிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அதைவிடச் சுலபம் காம்பஸ். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸுக்கென்று புதுப் பென்சிலை ஒடித்து மாட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. முழுப் பென்சிலை மாட்டினால் மேலே நீட்டிக்கொண்டு திருப்பவும் விடாது. துண்டுப் பென்சிலுக்கென்றே பிறந்த இடம் அது. மேல் வகுப்புக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் என் பாட்டிலிலிருந்து உப்புத்தாளில் ஒரு பக்கமாகத் தேய்த்து உளி முனை வைத்த துண்டு இரண்டு கொடுத்து அனுப்புகிறேன்.

உடைந்து விழுந்த கரியையும் போட வேண்டாம். பூட்டு இறுகினால் எண்ணெய் விட்டு விட்டுப் பழக்கம், எண்ணெய் தூசியைப் பிடித்துக் கொஞ்ச நாளில் இன்னும் மோசமாகும். சாவியின் பல் முழுக்க மெதுவான பென்சிலால் கறுப்பாகத் தேய்த்து நாலு தடவை போட்டுத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திறக்கும். புத்தகப் பையின் ஜிப் சிக்கினாலும் இதேதான்.

பென்சிலைப் பற்றி இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்பவர்களுக்கு 2023 டிசம்பரைச் சொல்வேன். 17, 18 தேதிகளில் பெய்த மழை நெல்லைச் சீமையில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் அத்தை வீட்டுக்குள்ளும் வந்தது. அத்தை தையல் வேலை செய்கிறவள், தாத்தாவின் மகள். தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு முழுக்க வண்டல். அலமாரியின் கீழ்த்தட்டில் அத்தை மகனின் கல்லூரி நோட்டுகளும் அத்தையின் அளவு நோட்டும் ஒன்றாகவே ஊறிக் கிடந்தன. அவன் ஜெல் பேனாவில் எழுதியிருந்தான். பக்கத்தைப் பிரித்தால் நீலக் கறை மட்டும்தான் இருந்தது, ஒரு எழுத்து தேறவில்லை. அத்தையின் நோட்டு முழுக்கப் பென்சில். ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, எதையும் தேய்க்காமல், மேலே நல்ல தண்ணீர் ஊற்றிச் சேற்றை மட்டும் போக்கி, செய்தித்தாள் நடுவே வைத்து மின்விசிறியின் கீழ் காயவைத்தோம். தோள் 14, கை 9½, மார்பு 36 என்று பெயர்பெயராக அத்தனை அளவும் இருந்தன. கரி தண்ணீரில் கரையாது. எட்டு வருஷ வாடிக்கைக்காரர்களின் அளவு அது. தையல் மிஷின் போய்விட்டது, துணியெல்லாம் போய்விட்டது, அத்தை அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

போன சித்திரையில் கல்லிடைக்குறிச்சி வீட்டில் அடுக்களை நிலையின் கால் கரையான் அரித்துப்போனது. தாத்தா 1979இல் செய்து வைத்த நிலை. மாற்ற வந்த ஆசாரி அதைச் சுவரிலிருந்து பெயர்த்துத் திண்ணையில் சாய்த்துவைத்தார். சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தில் சுண்ணாம்புத் தூசியைக் கையால் தட்டினபோது தாத்தாவின் எழுத்து தெரிந்தது. “6¾. அடுக்களை.” அடியில் எந்தப் பக்கம் மேலே என்று காட்ட ஒரு சின்ன அம்புக்குறி. நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது.

“பென்சில் இருக்கா டீச்சர்?” என்று ஆசாரி கேட்டார். கைப்பையிலிருந்து அந்தக் கடைசல் பிடியை எடுத்துக் கொடுத்தேன், இரண்டு சென்டிமீட்டர் துண்டு அதில் இருந்தது. பூணைத் தள்ளிப் பார்த்தார், மறுபடி இழுத்துப் பார்த்தார். புது மரத்தின் பின்பக்கத்தில் பழைய நிலையைப் பார்த்தபடியே 6¾ என்று எழுதி, பக்கத்தில் அடுக்களை என்றும் எழுதி, அம்புக்குறியும் போட்டுவிட்டு, பிடியைக் காதில் சொருகிக்கொண்டு ரம்பத்தை எடுத்தார்.